54 என்ற எண்: பழங்காநத்தம் மாடி வீட்டு வைஃபை, ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்குக் காசு கட்டுறேன். மாடியில மகன் மீட்டிங்ல உட்கார்ந்தா மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்குது. மேல குடியிருக்கிற பசங்கதான் மொத்தத்தையும் இழுக்கிறாய்ங்கன்னு நினைக்கிறேன். வந்து பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டுப் போங்க."

போன ஆவணியில் அண்ணாச்சி போனில் சொன்னது இவ்வளவுதான். மதுரைப் பழங்காநத்தத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடைக்குக் கேமரா போட்ட நாளிலிருந்து எனக்குப் பழக்கம். பாஸ்வேர்டு மாற்ற ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்துத்தான் பைக்கை எடுத்தேன். மூன்று வாரத்தில் மூன்று முறை போய்வர வேண்டியதாயிற்று. அதில் ஒரு முறை என் தவறால்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. தரைத்தளத்தில் அண்ணாச்சியும் அக்காவும். முதல் மாடியில் மகன், மருமகள், பேரன். மகனுக்கு வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை, மருமகள் சாயங்காலம் ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார். இரண்டாம் மாடியில் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் வாடகைக்கு. "வாடகையில் வைஃபையும் சேர்த்தி" என்று சொல்லித்தான் அவர்களைக் குடிவைத்திருக்கிறார்.

இணைய இணைப்பு வந்து சேரும் பைபர் பெட்டி கீழே டிவிக்குப் பின்னால். அங்கிருந்து ஒரு லேன் கேபிள் மாடிப்படி ஓரமாக ஏறி முதல் மாடியில் ஒரு பழைய ரௌட்டரில் முடிகிறது. 2011இல் வாங்கியது. அட்டைப்பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சடித்திருந்ததை மகன் இன்னும் பெருமையாகச் சொல்வார். முதல் மாடியும் இரண்டாம் மாடியும் அதை நம்பித்தான் இருந்தன.

கீழே கேபிளை நேராக லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். வேகம் 94 வந்தது. இணைப்பு கொடுத்தவர்கள் மேல் குற்றமில்லை. மாடியில் ரௌட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் பார்த்தால் 19.

சரி, அலைவரிசை நெரிசல் என்று நினைத்தேன். அந்தத் தெருவில் நின்ற இடத்தில் முப்பது வைஃபை பெயர் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். ரௌட்டர் 6இல் இருந்தது, தெருவில் பாதிப் பேரும் 6இல்தான். 11க்கு மாற்றினேன். 19 என்பது 21 ஆயிற்று. அடுத்து மாணவர்கள் மூவரையும் பத்து நிமிடம் வைஃபையை அணைக்கச் சொன்னேன். 22. பாவம், அவர்கள் மேல் பழி போட்டதற்கு ஆதாரமே இல்லை.

அப்புறம்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். மகனின் லேப்டாப்பில் வைஃபை இணைப்பு விவரத்தைத் திறந்தால், இணைப்பு வேகம் 54. ஐம்பதும் இல்லை, அறுபதும் இல்லை, அச்சாக 54. இந்த வேலையில் இருப்பவனுக்கு அந்த எண் பழைய சினேகிதன் மாதிரி. 2003இல் வந்த 802.11ஜி என்ற வைஃபை தரத்தின் உச்சவேகம் அது. 300 என்று போட்ட ரௌட்டர் ஏன் 2003இல் நிற்கிறது?

ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பாதுகாப்பு என்ற இடத்தில் 'டபிள்யூபிஏ, டிகேஐபி' என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

வைஃபை 1997இல் வந்தபோது அதனுடன் வந்த பூட்டுக்கு டபிள்யூஇபி என்று பெயர். 2001இலேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற குறியாக்க ஆய்வாளர்கள் மூவரும் அதன் அடிப்படை ஓட்டையைக் காட்டிவிட்டார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்தே காட்டினார்கள். இடையில் 2003இல், ஏற்கெனவே விற்றுப்போன கோடிக்கணக்கான கருவிகளைக் குப்பையில் போட முடியாதே என்று, பழைய வன்பொருளிலேயே ஓடும்படி ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்ததுதான் டபிள்யூபிஏ என்ற பூட்டும் அதன் டிகேஐபி குறியாக்கமும். தற்காலிக ஏற்பாடு என்று தெரிந்தே செய்தது. அடுத்த வருடமே, 2004இல், ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2 வந்துவிட்டது. 2006 மார்ச்சிலிருந்து அது இல்லாத கருவிக்கு வைஃபை சான்றிதழே கிடையாது.

டிகேஐபியைத் தேர்ந்தெடுத்தால், 802.11ஜிக்கு அடுத்து வந்த 802.11என் தரத்தின் அதிவேகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ரௌட்டர் தானாகவே 54க்கு இறங்கிவிடும். அந்த 54லும் பாதிக்கு மேல் காற்றிலேயே செலவாகி, கையில் இருபது சொச்சம் மிஞ்சும். மகன் முகம் உறைந்து நின்றது பாதுகாப்பு செட்டிங்கால். பாதுகாப்புக் குறைவும் வேகக் குறைவும் ஒரே வரியில் உட்கார்ந்திருந்தன.

யார் இதைப் போட்டது என்று கேட்டேன். மகன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். 2011இல் கடைக் கணக்குக்கு ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி லேப்டாப் இருந்ததாம். புது ரௌட்டரோடு அது சேரவே இல்லை. நிறுவ வந்த பையன் ஒவ்வொரு செட்டிங்காக மாற்றிப் பார்த்து, எது ஒட்டிக்கொண்டதோ அதோடு விட்டுவிட்டுப் போனான். நடந்திருக்கக்கூடியதுதான். அந்தக் கால எக்ஸ்பிக்கு டபிள்யூபிஏ2 வேண்டுமென்றால் தனி அப்டேட் போட வேண்டும்.

"அந்த லேப்டாப் இப்போ எங்கே?"

"2017லயே காயலான் கடைக்குப் போட்டாச்சுண்ணே."

லேப்டாப் போய் எத்தனையோ வருடம். அது நுழைவதற்காகக் குனிய வைத்த நிலைவாசலில் மொத்த வீடும் இன்றுவரை குனிந்தே போய்வந்துகொண்டிருக்கிறது. மருமகளின் ஐபோன் வைஃபை பெயருக்குக் கீழே 'பாதுகாப்பு பலவீனம்' என்று ஆங்கிலத்தில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சிக்னல் பலவீனம் என்று நினைத்துவிட்டாராம்.

டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றிச் சேமித்தேன். ரௌட்டர் அணைந்து எரிந்தது. இணைப்பு வேகம் 144. சோதனையில் 68. ஒரு ரூபாய் செலவில்லை.

இங்கேயே எழுந்து போயிருக்கலாம். அண்ணாச்சி பாஸ்வேர்டு மாற்றத்தான் கூப்பிட்டார் என்பது நினைவுக்கு வந்து, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பைபர் பெட்டியின் பட்டியலைப் பார்த்தேன். 23 கருவிகள். அக்காவோடு உட்கார்ந்து எண்ணினோம். போன்கள், டேப்லெட், இரண்டு டிவி, லேப்டாப், பிரிண்டர், சிசிடிவி காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டி, வாசல் கேமரா எல்லாம் சேர்த்து வீட்டுக்குப் பன்னிரண்டு. மாணவர்களுக்கு ஐந்து. மீதி ஆறு யாருடையது?

கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவிக்கே உரிய அடையாள எண்ணை, காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி உண்டாக்கிக்கொள்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் பொய்முகவரி என்று கொள்ளலாம். ஆறும் அப்படித்தான் இருந்தன. அதாவது ஆறும் அநேகமாகப் போன்கள், கொஞ்சம் புதியவை. அதற்கு மேல் தெரியாது.

எப்படி வந்தார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வைஃபையின் பெயர் கடையின் பெயர். பாஸ்வேர்டு அண்ணாச்சியின் மொபைல் எண். அந்த எண் கடைப் பலகையில் ஒன்றரை அடி உயரத்தில், சிவப்பு பெயிண்டில், இரவில் விளக்கும் போட்டு எழுதியிருக்கிறது.

சிரிக்காதீர்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்குப் பாதி மொபைல் எண்தான். நிறுவ வருபவர் "சார், உங்க நம்பரே போட்டுடவா, மறக்காது" என்பார். நாமும் தலையாட்டுவோம். எண் யாருக்கும் தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும் அது தாங்காது. டபிள்யூபிஏ2வில் ஒரு போன் ரௌட்டரோடு சேரும்போது இருவரும் கைகுலுக்கும் ஒரு பரிமாற்றம் காற்றில் போகும். தெருவில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டில் சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். ரௌட்டருக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் 4096 சுற்றுக் கணக்கு போட வேண்டும் என்பதால் கொஞ்சம் தாமதம் உண்டு. ஆனாலும் வீடியோ கேம் ஆடும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் முயற்சி செய்துவிடும். நம் நாட்டு மொபைல் எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். வகுத்துப் பாருங்கள், 4000 நொடி. ஒரு மணி நேரம் ஏழு நிமிடம்.

அண்ணாச்சிக்கு இதில் பெரிய கவலை இல்லை. "சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் வைக்கிறோம் தம்பி, வர்றவன் போறவன் குடிக்கிறான். நெட்டை நாலு பேர் பயன்படுத்தினா குறைஞ்சா போயிரும்?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது, பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன். போலீஸ் அதைத் தேடிக்கொண்டு போய் நின்றது நவி மும்பையில் ஒரு குடியிருப்பில். அங்கே இருந்தவருடைய வைஃபை வழியாக வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். மோர் குடித்தவன் போகிற வழியில் என்ன செய்தாலும் பந்தல்காரரை யாரும் கேட்க மாட்டார்கள், இங்கே முதலில் கேட்பது உங்களைத்தான் என்றேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்காதான், "மாத்திருங்க தம்பி" என்றார்.

மகன் ஒரு பட்டியலோடு வந்தார். வைஃபை பெயரை மறைத்துவிடலாமா, மேக் முகவரி பார்த்து அனுமதிக்கலாமா என்று. இரண்டும் வேண்டாம் என்றேன். பெயரை மறைத்தால் ரௌட்டர் வாயை மூடிக்கொள்ளும், ஆனால் உங்கள் போன் போகிற இடமெல்லாம் "அந்தப் பெயர் இருக்கிறதா" என்று கூவிக்கொண்டே போகும். மேக் முகவரி காற்றில் மறைவில்லாமல் போவது, பார்த்து நகலெடுத்துக்கொள்ளலாம். போதாததற்கு, போன்கள் பொய்முகவரி காட்டும் காலத்தில் நம் வீட்டார்தான் வெளியே நிற்பார்கள்.

ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த எட்டு இலக்க டபிள்யூபிஎஸ் எண்ணை, பாஸ்வேர்டு இல்லாமலே கருவியைச் சேர்க்கும் எண்ணைக் காட்டி, இதுதான் பின்வாசல் என்றேன். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்க்க வைத்தது, எனவே அது கணக்கில் இல்லை. மீதி ஏழில் முதல் நான்கு சரியா என்று ரௌட்டர் தனியாகச் சொல்லும், அடுத்த மூன்றைத் தனியாகச் சொல்லும். பத்தாயிரமும் ஆயிரமும், மொத்தம் 11,000 முயற்சி. ஸ்டெஃபான் வீபோக் என்ற ஆஸ்திரியர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். பாஸ்வேர்டை எத்தனை நீளமாக வைத்தாலும் இந்தக் கதவு திறந்திருந்தால் பயனில்லை. அணைத்தேன்.

புதுப் பாஸ்வேர்டு அக்காவின் கையால் வந்தது. பேரனின் பள்ளி அகராதியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எங்காவது திறந்து விரலை வைக்கச் சொன்னேன். விரல் நின்ற சொல் எதுவானாலும் எழுதிக்கொள்ள வேண்டும், பிடிக்கவில்லை என்று மாற்றக் கூடாது. ஐந்து முறை. ஐந்து தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில், நடுவில் ஒரு கோடு. குறள் வரி வேண்டாம், பாட்டு வரி வேண்டாம், அழகர்மலை மீனாட்சி என்றெல்லாம் வேண்டாம். இந்த ஊரில் யாரும் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். அகராதியில் 2000 சொல்தான் இருக்கிறது என்று வைத்தாலும், அதே கிராபிக்ஸ் கார்டுக்கு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஆயிரம் வருடம் ஆகும். மூன்றாவது சொல்லைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்ன சொல் என்று இங்கே எழுத முடியாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார். அது தப்பில்லை. தெருவில் நிற்பவரால் பூஜை அலமாரியைப் பார்க்க முடியாது.

மாணவர்களுக்கு என்ன செய்வது என்பதில்தான் தடுமாறினேன். பழைய ரௌட்டரில் விருந்தினர் வலை, அதாவது வீட்டுக் கருவிகளைக் காட்டாமல் இணையம் மட்டும் கொடுக்கும் தனி வைஃபை, வசதி இல்லை, தயாரித்தவர்கள் அதற்கு அப்டேட் கொடுப்பதையும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மகன் புது ரௌட்டர் ஒன்று வாங்கினார். இரண்டாவது முறை போய் அதைப் பழையதன் இடத்தில் வைத்தேன். குடும்பத்துக்கு ஒரு வலை, மாணவர்களுக்கு விருந்தினர் வலை. "மற்ற கருவிகளைப் பார்க்க அனுமதியில்லை" என்பதில் டிக் போட்டேன். திருப்தியாகத்தான் இருந்தது.

கிளம்பும் முன் சும்மா ஒரு சோதனை. என் போனை விருந்தினர் வலையில் சேர்த்து, டிவிஆரின் முகவரியைத் தட்டினேன். உள்நுழையும் பக்கம் பளிச்சென்று வந்தது. பாஸ்வேர்டு தொழிற்சாலையில் வைத்ததே. நான் கடைக்குக் கேமரா போட்டவன், வீட்டுக்குப் போட்டது வேறு ஒருவர் என்பது மட்டும்தான் ஆறுதல். 2016இல் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்தப் பட்டியலில் இருந்த மாதிரியான பாஸ்வேர்டுதான் இதிலும்.

ஏன் தெரிந்தது? விருந்தினர் வலை, தன் ரௌட்டருக்குள் இருக்கும் வீட்டு வலையைத்தான் மறைக்கும். புது ரௌட்டரைப் பொறுத்தவரை கீழே பைபர் பெட்டியில் தொங்கும் டிவிஆர் 'வெளியே' இருக்கிறது, இணையத்தில் உள்ள ஏதோ ஒரு தளம் மாதிரி. வெளியே போக விருந்தினருக்கு அனுமதி உண்டு. மாணவர்களை மாடியில் பூட்டிவிட்டேன் என்று நினைத்தேன், அவர்கள் போகிற வழியே அண்ணாச்சியின் நடு வீட்டு வழியாக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ரௌட்டர் வைக்கும் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். நான் பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருந்தும் வரிசையைத் தவறாக வைத்தேன்.

மூன்றாவது முறை. ஒற்றை ரௌட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே வலையாக இயங்கும் இரட்டை மெஷ் பெட்டி வாங்கினோம். ஒன்று கீழே பைபர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்று முதல் மாடியில், நடுவில் அதே பழைய கேபிள். பைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்தாயிற்று. அதில் இப்போது மெஷ் தவிர எதுவும் தொங்கவில்லை. டிவிஆர், டிவி எல்லாம் மெஷ்ஷுக்கு உள்ளே. மறுபடி விருந்தினர் வலையிலிருந்து தட்டினேன். பக்கம் வரவில்லை. டிவிஆரின் பாஸ்வேர்டையும் மாற்றி, வெளியிலிருந்து நேராக நுழைய யாரோ திறந்து வைத்திருந்த போர்ட் என்ற வழியையும், இனிமேல் தானாகத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அடைத்தேன்.

குடும்ப வலைக்கு டபிள்யூபிஏ3 மட்டும் போட ஆசை. 2018இல் வந்த இதில் காற்றில் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க முடியாது, ஒவ்வொரு முயற்சிக்கும் ரௌட்டரின் வாசலில் வந்து நிற்க வேண்டும். போட்டதும் பேரனின் டேப்லெட்டும் பிரிண்டரும் விழுந்துவிட்டன. டபிள்யூபிஏ2வும் 3உம் கலந்த முறைக்கு இறங்கினேன். டேப்லெட் வந்தது. பிரிண்டர் அதற்கும் வரவில்லை. அதற்காக மொத்த வலையையும் டபிள்யூபிஏ2வுக்கு இறக்கலாம், நிறைய பேர் அதைத்தான் செய்வார்கள். 2011இல் அந்தப் பையன் செய்ததும் அதுவே. பிரிண்டருக்கு ஒன்றரை மீட்டர் லேன் கேபிள் வெட்டிப் போட்டேன். வாசல் கேமராவுக்குக் கேபிள் இழுக்க வழியில்லை, 2.4இல் டபிள்யூபிஏ2 மட்டும் பேசும் தனி வலை ஒன்றை அதற்கென்று உண்டாக்கினேன்.

கலந்த முறையில் பழைய வழியும் அதே பாஸ்வேர்டுக்குத் திறந்திருக்கிறது என்பதை மகனிடம் சொன்னேன். அதன் பலம் டபிள்யூபிஏ3இன் பலம் ஆகாது, அக்கா விரல் வைத்த ஐந்து சொற்களின் பலம்தான். டேப்லெட் ஓயும் நாளில் 3க்கு மட்டும் மாற்றச் சொல்லி, மாடி மெஷ் பெட்டியின் அடியிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'கலந்த முறை, டேப்லெட்டுக்காக.' இதற்கு முன் நான் எந்த வீட்டிலும் இப்படி ஒட்டியதில்லை.

மாடியில் இப்போது 91. பிறகு தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரத்தில் கடைப்பக்கம் போனேன். எதிரே தையல்கடையில் வேலை பார்க்கும் பையன் அண்ணாச்சியிடம் வந்து, கூச்சமே இல்லாமல், "அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா? ரெண்டு மாசமா வர மாட்டேங்குது" என்றான். ஆறில் ஒன்று யார் என்று அன்றைக்குத் தெரிந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் அரிசி மூட்டையைப் பார்த்தேன்.

விருந்தினர் வலையின் பாஸ்வேர்டை அவனுக்குக் கொடுத்துவிட்டார். வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது, ராத்திரி பதினொன்றுக்கு அணைந்துவிடும், ஒன்றாம் தேதி பாஸ்வேர்டு மாறும், மாணவர்களுக்குப் புதியது வாடகை கொடுத்த பிறகுதான். எனக்கு இதில் சம்மதமில்லை என்று சொன்னேன். "மூணு பசங்களையும் இவனையும் எனக்குப் பேர் தெரியும் தம்பி, மத்த அஞ்சு பேரும் வந்து கேக்கட்டும்" என்றார்.